பெட்ரோல் வடிகட்டிய தோல்

இதைப் படிக்கப்போகிற உங்களில் பலர் என் வயதுக்காரர்கள். ஆரியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் என்னோடு வளர்ந்தவர்களும் இருப்பீர்கள். கரமனைக்கு அப்பால் வயலில் ஒரு குட்டி விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடம் விட்டதும் நீங்கள் எல்லோரும் பார்க்க ஓடினீர்கள். நான் வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். வாயைத் திறக்கவே பயப்படுகிற பிள்ளை என்று உங்களுக்குத் தெரியும். இன்றும் அப்படித்தான். எழுதும்போது எதிரே யாரும் உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். இதைக் கேட்டால் தாங்க மாட்டாத ஒருத்தியும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது.

அப்பாவுக்கு வேலை சங்குமுகத்தில், கடலை ஒட்டிய விமானத் திடலில். மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளி சொந்தமாக ஒரு சின்ன விமானம் வாங்கி, அங்கே தகரக் கொட்டகை போட்டு நிறுத்தியிருந்தார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். மேலே மூடி கிடையாது. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, துணிமேல் ஒரு பசை பூசியிருக்கும். அந்தப் பசைக்கு நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தின் வாசனை. அந்த வாசனையும் பெட்ரோல் வாசனையும் முதலில் நடைக்குள் வரும், பிறகுதான் அப்பா வருவார். அம்மா எனக்கு மூன்று வயதாகும்போதே இறந்துவிட்டாள். அப்பாவின் அக்கா, புருஷன் போனபிறகு எங்களோடு வந்து சேர்ந்தவள், சமைத்துப்போட்டு என்னை வளர்த்தாள்.

விமானத்தை ஓட்ட ஒரு கேப்டன் இருந்தார். யுத்தத்தில் பறந்தவர். விமானத்தைத் துடைப்பது, வெளியே தள்ளிவருவது, காவல் இருப்பது, பெட்ரோல் ஊற்றுவது எல்லாம் அப்பாவின் வேலை. இதில் பெட்ரோல் ஊற்றுவதுதான் அவருக்குப் பெருமை.

பெட்ரோல் டின்னில் வரும். மழைக்காலத்தில் டின்னுக்குள் எப்படியும் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்துவிடும். அது என்ஜினுக்குள் போனால் ஆகாயத்தில் வைத்து என்ஜின் நின்றுவிடும். அதற்காகப் புனலின்மேல் மெல்லிய ஆட்டுத் தோல் ஒன்றை விரித்து, அதன் வழியாகத்தான் ஊற்ற வேண்டும். ஒருநாள் கிணற்றடியில் ஒரு கிண்ணத்தை வைத்து அப்பா எனக்குச் செய்து காட்டினார். தோலை முதலில் பெட்ரோலில் நனைத்தார். பிறகு பெட்ரோலும் தண்ணீரும் கலந்து அதன்மேல் விட்டார். பெட்ரோல் கீழே இறங்கியது. தண்ணீர் மணிமணியாகத் தோலின்மேலேயே உருண்டு நின்றது.

"பாத்தியா மக்களே? தண்ணிய ஒரு சொட்டு விடாது. ஆனா இது மொதல்ல தண்ணியில நனைஞ்சிரப்பிடாது. நனைஞ்சா புத்தி மாறிப்போவும். தண்ணிய விட்டுரும்."

"பறக்கிறது கேப்டன், பறக்க வைக்கிறது நானும் இந்தத் தோலுமாக்கும்" என்று சொல்லிச் சிரித்தார்.

கொட்டகையில் எலித் தொல்லை. முந்தின தோலை எலி குதறிவிட்டதற்கு முதலாளி அப்பாவைக் கண்டபடி பேசியிருந்தார். அதிலிருந்து அப்பா தோலை ஒரு துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அடுக்களைக்குப் பின்னால் உத்திரத்தில் ஓர் ஆணி. அங்கே பை தொங்கும். உள்ளே இருப்பது எண்ணெய் துடைக்கிற துணி என்று அத்தை நினைத்திருந்தாள். அப்பா அதைத் திருத்தவில்லை. எங்கள் வீட்டில் முட்டைகூட வாசலைத் தாண்டாது.

எனக்கு ஒன்பது வயது. இடவப்பாதி மழை தொடங்கி, பள்ளிக்கூடம் திறந்து, புதுப் புத்தகமும் ஈரக் குடையும் மணக்கிற நாட்கள். வியாழக்கிழமை தாத்தாவுக்குத் திதி. செவ்வாய்க்கிழமையே அத்தை வீட்டைக் கழுவத் தொடங்கினாள். உத்திரத்தில் ஒட்டடை அடிக்கும்போது பையை இறக்கி, உள்ளே கையை விட்டாள். வெந்நீர் பட்டதுபோலக் கையை உதறினாள்.

"ஏட்டி, இது துணியா? தோலுல்லா இது."

"அப்பாவுக்க ஆபீஸ் சாமான் அத்தே."

"ஆபீசோ கச்சேரியோ, செத்ததுக்கத் தோலுதானே? இதுக்கக் கீழ நின்னா நான் இத்தனை நாளும் சோறு வடிச்சேன்? அப்பனுக்குப் பிண்டம் வைக்கப்போற வீட்டுல..."

தூரப் போட்டுவிடுவாளோ என்று பயந்தேன். அத்தை அப்படிச் செய்யவில்லை. தம்பியின் உத்தியோகச் சாமான் என்று அவளுக்கும் பயம் இருந்தது. நுனிவிரலால் பையை என் பக்கம் தள்ளினாள்.

"கெணத்தடிக்குக் கொண்டு போ. சீயக்காய் போட்டு நல்லாத் தேய்ச்சு, மூணு தண்ணி விட்டு அலசு. பொறவு தொழுவத்துல கொண்டு காயப்போடு. காஞ்சதும் பையில வச்சிரு. தம்பிகிட்ட நானே சொல்லிக்கிடுகேன், இனிமே இது வீட்டுக்குள்ள வரப்பிடாதுன்னு."

நனைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கிண்ணத்தில் அப்பா செய்துகாட்டியது கண்முன்னால் இருந்தது. 'அத்தே, இதை நனைக்கக் கூடாது' என்று நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தையை வரிசைப்படுத்திக்கொண்டு நின்றேன். "நின்னு முழிக்காளே" என்று அத்தை ஒரு சத்தம் போட்டாள். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

மஞ்சளாக இருந்த தோல் மூன்றாவது தண்ணீருக்கு வெளுத்தது. கையில் குழந்தைத் தோல்போல மெத்தென்று இருந்தது. வெயில் இல்லை. சாயங்காலம் வரை தொழுவத்தில் தொங்கியும் ஈரம் போகவில்லை. அப்பா வரும் நேரம் என்று அத்தை அவசரப்படுத்தியதால் அப்படியே பையில் வைத்துவிட்டேன்.

அப்பா வந்ததும் சொல்லிவிடுவது என்று நினைத்திருந்தேன். சாமி சத்தியமாக நினைத்திருந்தேன். ஆனால் அன்று அப்பா வந்த முகம் வேறு முகம். என்னைத் தொழுவத்துப் பக்கம் கூட்டிப்போய்க் குனிந்து காதருகில் பேசினார்.

"நாளைக்கு நான் மேல போறேன் மக்களே. கேப்டன் சொல்லிட்டாரு. நாலு வருசமா தள்ளிவிடுகீரே, ஒரு நாள் ஏறி இரியும்னு சொன்னாரு. பத்து மணிக்கு மேல ஆரியசாலை வழியாத்தான் வருவோம். வெள்ளைத் துண்டை வீசுகேன். நீ பாரு."

"அத்தைக்குத் தெரியுமா?"

"அத்தைக்குத் தெரிஞ்சா அழுது ஊரைக் கூட்டிருவா. யாருக்கும் சொல்லாண்டாம். முதலாளி குடும்பத்து ஆளைத் தவிர வேற ஆளை ஏத்தினா கேப்டனுக்க வேலை போயிரும். நீ சொல்ல மாட்டேன்னு தெரியும். அதான் உங்கிட்ட சொல்லுகேன்."

நான் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு நம்பிக்கை. தோலைப் பற்றிச் சொன்னால் நாளைக்குப் பறப்பது நின்றுபோகும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. அத்தையும் திதி முடியட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டாள். விடியற்காலையில் அப்பா பையை எடுத்துக்கொண்டு போனார்.

பத்து மணிக்குக் கணக்கு வகுப்பு. தண்ணீர் குடிக்கக் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, மைதானத்து அயினி மரத்தடியில் நின்றேன். கடல் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. தென்னைகளுக்கு மேலே விமானம் தெரிந்தது. எவ்வளவு தாழ்வாக வந்தது என்றால், முன் இருக்கையில் ஒரு தலையும் கையும் தெரிந்தன. கையில் வெள்ளைத் துண்டு. நானும் கையைத் தூக்கினேன்.

அப்போது சத்தம் இரண்டு தடவை இருமியது. மாவு மில்லில் கரண்டு போனதுபோல மெதுவாக இறங்கி நின்றுவிட்டது. விமானம் மட்டும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. துண்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை போலிருக்கிறது. கரமனைப் பக்கம் திரும்பி, ஒரு இறக்கை சாய்ந்து, தென்னைகளுக்குப் பின்னால் இறங்கி மறைந்தது.

சார் வெளியே வந்து பார்த்தார். "எஞ்சின் நின்னுபோயல்லோ" என்றார். வகுப்பே ஜன்னலில் தொங்கியது.

"அதுக்குள்ள இருந்தவன் இந்நேரம் சம்மந்திதான்" என்று யாரோ சொன்னீர்கள். சம்மந்தி என்றால் அரைத்த தேங்காய்த் துவையல். எல்லோரும் சிரித்தீர்கள். உங்கள்மேல் வருத்தம் இல்லை, உங்களுக்கு என்ன தெரியும். சார் எல்லோரையும் உட்காரவைத்துப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன். அதற்குள் இருந்தது என் அப்பா என்று எழுந்து சொல்ல என்னால் ஆகவில்லை. யாருக்கும் சொல்லாண்டாம் என்றுதானே சொல்லியிருக்கிறார். மணி அடிக்கும் வரை அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு ஓடினேன். அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா கிணற்றடியில் நின்றார். காக்கி நிக்கரும் சட்டையும் இடுப்புவரை வயல் சேறு, முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"துண்டு தெரிஞ்சுதா?"

தலையாட்டினேன்.

"நட்ட வயலு மக்களே. நல்ல சேறு. அதான் பிழைச்சோம். சக்கரம் புதைஞ்சு மூக்கு குத்திட்டு. கேப்டனுக்கு நெத்தியில வெட்டு. ஆள் கூடுகதுக்கு முன்னால ஓடிக்கோ பிள்ளே, நீ ஏறின காரியம் ஒருத்தருக்கும் தெரியாண்டாம்னு சொன்னாரு. வரப்பு வழியா ஆத்தங்கரை பிடிச்சு வந்திட்டேன்."

வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆனா வானம் கொள்ளாம் கேட்டியா, நல்ல அழகு. நம்ம வீட்டு ஓடு தெரிஞ்சுது. முற்றத்துல அத்தைக்க வெள்ளைச் சீலை காயுது. பத்மதீர்த்தக் கோயில் குளம் ஒரு கண்ணாடிச் சில்லு அளவுதான்."

அத்தை வருவதற்குள் அந்தக் காக்கி உடுப்பை நான் துவைத்துப் போட்டுவிட்டேன். கறுப்புச் சேறு. ஒரு நெல் நாற்று சட்டைப் பைக்குள் இருந்தது.

மறுநாள் திதி முடிந்ததும் கொட்டகைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் அப்பா திரும்பினார். என்ஜினைத் திறந்து பார்த்ததில் உள்ளே தண்ணீர் இருந்ததாம். தொழுவத்தில் என்னை உட்காரவைத்துப் பையிலிருந்து தோலை எடுத்தார்.

"இது ஏன் மக்களே வெளுத்திருக்கு?"

சொன்னேன். அத்தை சொன்னது, நான் துவைத்தது, தெரிந்தே துவைத்தது, எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். தோலை மடியில் போட்டு நீவிக்கொண்டே இருந்தார்.

"நேத்து பெட்ரோல் எறங்கவே மாட்டேன்னுது. சொட்டு சொட்டா வந்து. மழை வருகதுக்குள்ள ஏறணும்னு கேப்டன் சத்தம் போடுகாரு. நானும் மேல போற அவசரத்துல கையால அழுத்திப் பிழிஞ்சுவிட்டேன். ஈரம்னு கைக்குத் தெரிஞ்சுது. மழை ஈரம்னு நினைச்சேன்." தோலை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "அத்தைகிட்ட சொல்லாண்டாம். அவளால தம்பி சாகப்பார்த்தான்னு தெரிஞ்சா கெணத்துல சாடிருவா. அவளுக்கு நம்ம வீடு விட்டா வேற வீடு கிடையாது" என்றார்.

சனிக்கிழமை முதலாளியின் கார் எங்கள் தெருமுனையில் வந்து நின்றது. முதலாளியும் டிரைவரும் இறங்கி வந்தார்கள். பின்னால் நெற்றியில் கட்டோடு கேப்டன். தெருவில் நின்றவர்கள் எல்லோரும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அத்தை கதவுக்குப் பின்னால் நின்றாள்.

முதலாளிக்குத் தோட்டத்துக் கூலியாட்களிடம் பேசிப் பழகிய தமிழ்தான் தெரியும். அதில் மரியாதை கிடையாது.

"பெட்ரோல்ல தண்ணி எப்படிடா வந்துச்சு?"

"மழைக்காலம் சார். டின்னுக்குள்ள கொஞ்சம்..."

"அதுக்குத்தானே தோல்? வடிகட்டினியா, இல்லையா?"

"வடிகட்டினேன் சார்."

"அப்போ தோல் பொய் சொல்லுதா, நீ பொய் சொல்றியா?"

அப்பா வாயைத் திறந்தார். கதவுப் பக்கம் பார்த்தார். மூடிக்கொண்டார்.

பெட்ரோல் லேசில் கிடைக்காத காலம். சாலைக் கடைத்தெருவுக்கு ஒரு டின் கொண்டுபோனால் கேட்ட விலைக்கு வாங்கிக்கொள்வார்கள். விற்றுவிட்டுத் தண்ணீரை ஊற்றி நிறைத்திருக்கிறான் என்பது முதலாளியின் தீர்மானம். அதைச் சொல்லவும் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்தார். அவர் வாயில் ஏலக்காய் மணத்தது.

"பாப்பா, அப்பா வீட்டுக்கு பெட்ரோல் டின் கொண்டுவருவாரா?"

கொண்டுவருவார். காலி டின். இரண்டு இருந்தன. ஒன்றில் அரிசி, ஒன்றில் புளி. அதை விளக்கிச் சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும் என்று பாருங்கள். நான் தலையை ஆட்டினேன்.

"எத்தனை?"

இரண்டு விரலைக் காட்டினேன்.

"காலி டின் சார்" என்றார் அப்பா. "கேப்டன் சார்தான் எடுத்துக்கிடச் சொன்னாரு."

கேப்டன் நெற்றிக் கட்டைத் தடவிக்கொண்டார்.

"காலிதான். காலி பண்ணினது யாருடா?" என்றார் முதலாளி. டிரைவர் சிரித்தான். தெருவும் சிரித்தது.

தண்ணீர் கலந்த பெட்ரோலை ஊற்றிவிட்டு எவனாவது அதே விமானத்தில் தானே ஏறி உட்காருவானா? எனக்கு இது பல வருஷம் கழித்துத்தான் தோன்றியது. அன்று அங்கே நின்றவர்களில் அப்பா ஏறியது தெரிந்தவர்கள் மூன்றே பேர். அப்பா சொல்லவில்லை, வாக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு நாக்கு இல்லை. கேப்டனுக்கு நாக்கும் இருந்தது, இங்கிலீஷும் இருந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்கு அவருடைய வேலை விலை. அவர் தெருவிளக்குக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போலீசுக்குப் போகாமல் விட்டது தன் பெரிய மனசு என்று சொல்லிவிட்டு முதலாளி போனார். அப்பாவுக்கு வேலை போயிற்று.

சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் சாக்குத் தைக்கிற வேலை கிடைத்தது. எண்ணெய்ப் பீப்பாய் இருந்த பக்கம் அவரை விடமாட்டார்கள். "நம்ம பிள்ளைவாளை அங்க விடாதீங்க வேய், நல்லெண்ணெயில மழை பெஞ்சிரும்" என்று கடைக்காரர் சொல்ல, சுமையாட்கள் சிரிப்பார்கள். அப்பாவும் கூடச் சிரிப்பார் என்று கேள்விப்பட்டேன். வீட்டில் சிரித்து நான் பார்க்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். அந்தத் தோலை அப்பா என்ன செய்தார் என்று தெரியாது. ஆணி மட்டும் உத்திரத்தில் இருந்தது. அத்தை அதில் முறத்தை மாட்டினாள். "தோலைத் தொட்டுப் பிழைச்ச பிழைப்பு, விளங்குமா?" என்று அவ்வப்போது சொல்லுவாள். அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

நாஞ்சில் நாடு மதராஸோடு போய், இங்கே கேரளம் ஆன வருஷம் அப்பா இறந்தார். சாக்குத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது என்று வைத்தியர் சொன்னார். பதினாறாம் நாள் நாகர்கோவில் சொந்தக்காரர்களும், கடைக்காரரும், தெருவில் நாலு பேரும் வந்திருந்தார்கள். மத்தியானம் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. கேப்டன். தலை நரைத்திருந்தது. நெற்றியில் தழும்பு.

பாயில் உட்கார்ந்தார். நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன். அவர் கடைக்காரரைப் பார்த்து மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "நல்ல மனுஷனாயிருந்து. ஒரே ஒரு தப்பு செய்து. வீட்டில கஷ்டம் இருந்திருக்கும், பாவம். நான் அதை அன்னைக்கே க்ஷமிச்சு."

கடைக்காரர் உச்சுக்கொட்டினார்.

எனக்குப் பதினைந்து வயது. என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"சார், அன்னைக்கு வயல்ல நீங்க தனியாவா எறங்கினீங்க?"

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார். "பின்னே?"

"அப்பாவுக்கக் காக்கியில இடுப்புவரை வயல் சேறு. நான்தான் தொவைச்சேன். பையில நாத்து இருந்து. தண்ணி கலந்த ஆளு அந்த விமானத்துல ஏறுவாரா சார்?"

கேப்டன் டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்சம் காப்பி பாயில் சிந்தியது.

"நீ அன்னைக்குச் சின்னப் பிள்ளை மோளே. ஓர்மை தப்பியிருக்கும்" என்றார். எழுந்து, எல்லோருக்கும் பொதுவாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"அப்பன்மேல பாசம், வேறென்ன" என்றார் கடைக்காரர். ஆனால் சொந்தக்காரர்களில் ஒரு கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினார் என்று நினைக்கிறேன். இன்னும் ஒன்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள் என்று தோன்றியது. அந்த ஒன்றும் என் வாய்வரை வந்தது.

அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றாள். கண்ணில் புரை விழுந்து, அவளுக்கு அப்போது பாதிதான் தெரியும். என் குரல் வந்த திசையைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏட்டி, தம்பி தண்ணி கலக்கலேன்னா, பின்ன பெட்ரோல்ல தண்ணி எப்பிடி வந்து?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் தலைக்குமேல் உத்திரத்தில் அந்த ஆணி இருந்தது.

"தெரியாது அத்தே" என்றேன். சிந்திய காப்பியைத் துடைத்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.